கேட்டு வருகிறவருக்கு எந்தக் கிறிஸ்தவப் புத்தகத்தைக் கொடுக்கலாம்?

"டீச்சர், நல்லதா ஒரு கிறிஸ்தவப் புத்தகம் சொல்லுங்க" என்று யாராவது கேட்டால் நான் உடனே பெயர் எதையும் சொல்வதில்லை. "கடைசியா முழுசா வாசிச்சு முடிச்ச புத்தகம் எது?" என்று திருப்பிக் கேட்பேன். பைபிள் என்பார்கள் நிறைய பேர். சரி, அதில் எந்தப் பகுதிக்குத் திரும்பத் திரும்பப் போவீர்கள் என்று அடுத்துக் கேட்பேன். ரூத் கதை, யோசேப்பு கதை என்பார் ஒருவர். சங்கீதம் என்பார் இன்னொருவர். நீதிமொழிகள் என்பவரும் உண்டு. கதைக்குப் போகிறவருக்கு நாவல் கொடுக்கலாம். சங்கீதத்துக்குப் போகிறவருக்கு, யாராவது மனம் விட்டு எழுதிய வாழ்க்கை அனுபவம் பிடிக்கும். நீதிமொழிக்காரருக்கு ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று வாசிக்கிற சின்னச் சின்னத் தியானங்கள் போதும். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

நான் பிறந்தது தரங்கம்பாடிப் பக்கம், சீர்திருத்த சபைகளில் ஒன்றான லுத்தரன் சபை வீட்டில். வாழ்க்கைப்பட்டு வந்தது திருக்காட்டுப்பள்ளிப் பக்கம், பூண்டி மாதா கோயிலுக்கு அருகே ஒரு கத்தோலிக்கக் குடும்பத்துக்கு. தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றதும் எங்கள் பங்குச் சமூகக்கூடத்துப் புத்தக அலமாரி என் பொறுப்புக்கு வந்தது. இரண்டு மரபையும் உள்ளிருந்து பார்த்தவள் என்பதால் ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: எல்லாருக்கும் பொருந்தும் கிறிஸ்தவப் புத்தகம் என்று ஒன்று கிடையாது. கேட்கிறவர் யார், எந்த நிலைமையில் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டு கொடுத்த புத்தகம்தான் முழுதாக வாசிக்கப்படும்.

கொடுப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

முதலில் நேரம். நம்ம பக்கத்தில் வாசிப்புக்கும் பட்டம் உண்டு. வழக்கப்படி ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் குறுவை, சம்பா என்று ஆள் வயலோடு போய்விடுவார். ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்சாரம் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அந்த மாதங்களில் பத்து இருபது பக்கத்தில் முடிகிற கதைகளைக் கொடுங்கள். தையில் சம்பா அறுத்த பிறகு மேட்டூர் திறக்கிற வரை வீட்டில் கொஞ்சம் நிம்மதி இருக்கும். ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான தவக்காலமும் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் வரும். பெரிய நாவலை நான் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனை ஒட்டித்தான் கையில் கொடுப்பேன். "ஈஸ்டருக்குள்ள முடிச்சிருங்க" என்று ஒரு கெடுவும் சேர்த்துக் கொடுப்பேன். கெடு இருந்தால் வாசிக்கிறார்கள்.

அடுத்தது கண். அறுபது வயது தாண்டியவருக்குப் பொடி எழுத்துப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, அவருக்கு ஆர்வம் இல்லை என்று நினைக்காதீர்கள். புத்தகத்தைத் திறந்து நடுவில் ஒரு பத்தியை அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். கையை நீட்டி மடக்கி இடம் தேடினால் வேறு பதிப்பு பாருங்கள். இல்லாவிட்டால் அந்த வீட்டில் படிக்கிற பேரப்பிள்ளையையும் உட்கார வைத்து, சத்தமாக வாசிக்கிற மாதிரியான கதையாகக் கொடுங்கள்.

அப்புறம் சபை. கத்தோலிக்கப் பாட்டிக்குப் புனிதர் வரலாறு என்றால் உயிர். புனித அந்தோணியார் கதையைப் புன்னகையோடு வாசிப்பார். அதே புத்தகத்தை என் பிறந்த வீட்டு அத்தையிடம் நீட்டினால் மரியாதைக்கு வாங்கி வைத்துவிட்டு அடுத்த வாரம் திருப்பித் தந்துவிடுவார். அவர் எதிர்பார்ப்பது ஒரு மனுஷன் எப்படி மனந்திரும்பினான், வேதத்தின் எந்த வசனம் அவனைப் பிடித்தது என்கிற சாட்சி. இதில் யார் சரி என்று அலமாரி முன்னால் நின்று விவாதிக்க வேண்டாம். தெரிந்துகொண்டு கொடுத்தால் போதும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரே நேரத்தில் மூன்று புத்தகம் கொடுக்காதீர்கள். மூன்றும் மேசையில் தூசி படியும். ஒன்று கொடுங்கள், அது திரும்பி வந்ததும் அடுத்தது.

பொன்னியின் செல்வனில் ஊறியவர்களுக்கு

நம் மாவட்டங்களில் கல்கியை வாசிக்காத கதைப் பிரியர் அபூர்வம். ஐந்து பாகத்தையும் இரண்டு மூன்று முறை முடித்தவர்கள் உண்டு. இவர்களுக்குச் சரித்திர நாவல்தான் சரியான வாசல். போலந்து நாட்டு எழுத்தாளர் சென்கியேவிச் 1896இல் புத்தகமாக வெளியிட்ட 'கோ வாதிஸ்' என்ற நாவல் இருக்கிறது. நீரோ மன்னன் காலத்து ரோம் நகரம், வினிசியஸ் என்ற படைவீரன், அவன் காதலிக்கும் லிஜியா என்ற கிறிஸ்தவப் பெண், பற்றி எரியும் தலைநகரம், முதிய பேதுரு. அரண்மனைச் சூழ்ச்சியும் காதலும் பக்தியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். இதைக் கொடுத்து யாரும் பாதியில் வைத்து நான் பார்த்ததில்லை.

லூ வாலஸ் 1880இல் எழுதிய 'பென்-ஹர்' அடுத்தது. இயேசுவின் காலத்து யூத இளைஞன் ஒருவனை அவனுடைய பால்ய நண்பனான ரோமானியனே காட்டிக்கொடுக்கிறான். பழி வாங்கத் துடிக்கும் அந்த மனசு சிலுவையடியில் என்ன ஆகிறது என்பதுதான் கதை. சினிமா பார்த்தவர்கள் தேர்ப் பந்தயத்தைச் சொல்வார்கள். புத்தகத்தில் வர்ணனை அதிகம். ஆகவே ஆங்கிலத்தில் ஓரளவுதான் பழக்கம் என்றால் சுருக்கப் பதிப்பைக் கொடுங்கள், குற்றமில்லை.

தமிழிலேயே வேண்டும், அதுவும் நம்ம ஊர்க்காரர் எழுதியதாக வேண்டும் என்பவருக்கு மாயூரம் (இன்றைய மயிலாடுதுறை) முன்சீப் வேதநாயகம் பிள்ளையைத் தவிர வேறு யாரைச் சொல்வது? 1879இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' தமிழின் முதல் நாவல். இதைக் கொடுக்கும்போது ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: எழுதியவர் கத்தோலிக்கர், ஆனால் கதை மாந்தர் இந்துக்கள், கிறிஸ்தவப் பிரசங்க வாடை இருக்காது. ஞானாம்பாள் என்கிற கதாநாயகியின் புத்திசாலித்தனத்தை அவர் எவ்வளவு ஆசையாக எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். பெண்கல்விக்காக அவர் வைத்த வாதம் முழுவதும் அவளுக்குள் இருக்கிறது. அவருடைய வாழ்க்கையே ஒரு நல்ல புத்தகம்தான். 1876இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தில் தன் கைப்பொருளைச் செலவழித்து ஜனங்களுக்குக் கஞ்சி ஊற்றினார். அதைக் கண்ட கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து கீர்த்தனையே பாடினார். சைவ மடத்து வித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவருக்கு நெருங்கிய நண்பர், அவர்மேல் 'குளத்துக் கோவை' பாடியவர். மயிலாடுதுறைப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தால் புத்தகத்தின்மேல் தானாக ஆசை வரும்.

காதல் கதை கேட்டு வரும் பெண்களுக்கு

கல்லூரிப் பெண்கள் கூச்சத்தோடு கேட்பார்கள். அந்தக் கூச்சத்தை வளர்க்காதீர்கள். ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' 1964இல் வந்தது. குமரி மாவட்டத்துப் பனைவிளைக் கிராமம், பெரிய குடும்பம் என்ற பெயர் மட்டும் மிஞ்சிய ஒரு வீடு, வயசுக்கு வந்ததும் உள்ளே அடைக்கப்படும் லிஸி என்ற பெண், பனையேறிக் குடும்பத்துத் தங்கராஜ். கோயிலும் வேதமும் கதைக்குள் காற்று மாதிரி இருக்கும், தனியாக எடுத்து நீட்டப்படாது. சின்னப் புத்தகம். குமரித் தமிழ் முதல் சில பக்கங்களுக்குப் புதிதாக இருக்கும், பழகிவிடும். அந்த வீட்டின் வாசல் வரை வந்து நின்று வெளியே பார்க்கும் லிஸியை எங்கள் தெருப் பெண்களில் ஒருத்தியாவது "இது நான்தான் டீச்சர்" என்று சொல்லாமல் இருந்ததில்லை.

ஆங்கிலத்தில் வாசிப்பவர்கள் ஃபிரான்சின் ரிவர்ஸ் பெயரைச் சொல்லிக் கேட்பார்கள். அவருடைய 'ரிடீமிங் லவ்' துரோகம் செய்த மனைவியை மறுபடி ஏற்றுக்கொண்ட ஓசேயா தீர்க்கதரிசியின் வேதாகமக் கதையை அமெரிக்கத் தங்கவேட்டைக் காலத்துக்குக் கொண்டுபோய் எழுதியது. உருக்கமான புத்தகம், நானும் மதிக்கிறேன். ஆனால் கதாநாயகி சிறுமியாக இருக்கும்போதே விபசாரத்துக்கு விற்கப்பட்டவள். அந்தக் கொடுமை பக்கம் பக்கமாக வரும். அட்டையில் கிறிஸ்தவ நாவல் என்று இருப்பதால் கோயிலில் உறுதிபூசுதல் வகுப்புக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பரிசாகக் கொடுத்துவிடாதீர்கள். வயது வந்தவர்களுக்கு, அதுவும் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கொடுங்கள். வயதில் சின்னவர்களுக்கு ஜேனட் ஓக் 1979இல் எழுதிய 'லவ் கம்ஸ் சாஃப்ட்லி' போதும். புது இடத்தில் கணவனை இழந்த ஒரு பெண், தாயில்லாக் குழந்தையோடு இருக்கும் ஒருவனை வேறு வழியின்றிக் கல்யாணம் செய்துகொள்கிறாள். அன்பு மெதுவாக வருகிறது. அவ்வளவுதான் கதை, மனசுக்கு இதமாக இருக்கும்.

பிள்ளைகளுக்கு

ஆங்கிலப் பள்ளிப் பிள்ளை என்றால் சி. எஸ். லூயிஸின் நார்னியா வரிசை. ஏழு புத்தகம் இருக்கிறது. எதில் ஆரம்பிப்பது என்று பெற்றோர் குழம்புவார்கள். 1950இல் முதலில் வந்த, அலமாரிக்குள் நுழைந்து பனிக்காட்டுக்குப் போகிற கதையிலேயே ஆரம்பியுங்கள். சிங்கம் யார் என்று நீங்கள் விளக்கம் சொல்லாதீர்கள், பிள்ளையே வந்து கேட்கும்.

தமிழ் வாசிக்கும் பிள்ளைக்கு வீரமாமுனிவரின் 'பரமார்த்த குருவின் கதை'. இதில் வேதம் கிடையாது, சிரிப்பு மட்டும்தான். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று பார்க்கக் கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைத்துப் பார்க்கும் இடத்தைக் கொள்ளிடக் கரைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள், அப்புறம் புத்தகத்தை அவர்களே பிடுங்கிக்கொண்டு போவார்கள். இதை எழுதியவர் இத்தாலியிலிருந்து வந்த ஒரு சாமியார் என்பதைக் கடைசியில் சொன்னால் போதும்.

துக்க வீட்டுக்கும் நோயாளிக்கும்

இந்த இடத்தில்தான் நிறைய பேர் அவசரப்படுகிறார்கள். மண்ணெடுத்துப் போட்ட ஈரம் காயும் முன்னே, 'தேவன் ஏன் துன்பத்தை அனுமதிக்கிறார்' என்ற மாதிரித் தலைப்புள்ள புத்தகத்தோடு வீட்டுக்குள் நுழைகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். காரணம் சொல்லும் புத்தகத்தைத் துக்கத்தில் இருப்பவர் வாசிக்க மாட்டார், வாசித்தாலும் தன்மேல் பழி விழுந்த மாதிரி உணர்வார். சுனாமிக்குப் பிறகு கடலோரக் கிராமங்களில் அச்சடித்த ஆறுதல் தாள்கள் நிறைய விநியோகமானதைப் பார்த்தேன். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாய்க்கு அந்தத் தாளில் ஒன்றும் இல்லை.

முதல் நாற்பது நாள் புத்தகமே வேண்டாம். போய் உட்காருங்கள். அவராகக் கேட்டால் 88ஆம் சங்கீதத்தை எடுத்துக் கொடுங்கள். கத்தோலிக்க விவிலியத்தில் அது திருப்பாடல் 88. ஆறுதல் எதுவும் சொல்லாமல் இருட்டிலேயே முடிகிற ஜெபம் அது. வேதத்தில் இப்படியும் ஒரு ஜெபத்துக்கு இடம் இருக்கிறது என்று தெரிவதே பெரிய ஆறுதல்.

அதற்குப் பிறகு நான் எப்போதும் எடுத்துப் போவது டால்ஸ்டாய் 1885இல் எழுதிய ஒரு சிறுகதை, அன்பு இருக்கும் இடத்தில் கடவுள் இருக்கிறார் என்பது அதன் பொருள். மார்ட்டின் என்று ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளி. நிலவறை மாதிரி ஒரு அறை, அதன் ஒற்றை ஜன்னல் வழியே தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். செருப்பைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவான், பாதிக்கு மேல் அவன் தைத்ததுதானே. மனைவி போய், பிள்ளைகள் போய், மிச்சமிருந்த ஒரே மகனும் ஒரு வாரக் காய்ச்சலில் போய்விடுகிறான். எனக்கு வாழ ஆசையில்லை, சீக்கிரம் சாக வேண்டும் என்று அவன் ஒரு முதியவரிடம் சொல்கிறான். அவர் நற்செய்தி வாசிக்கச் சொல்கிறார். ஒரு ராத்திரி, நாளைக்குத் தெருவைப் பார், நான் வருவேன் என்று ஒரு குரல் கேட்கிறது. மறுநாள் வருகிறவர்கள் பனி அள்ளும் கிழவன், கைக்குழந்தையோடு குளிரில் நடுங்கும் பெண், ஆப்பிள் விற்கும் பாட்டி, அதில் ஒன்றைத் திருடிய பையன்.

எங்கள் தெருவில் வளர்ந்த மகனைப் பறிகொடுத்த ஒரு அக்காவுக்கு இதை வாசித்துக் காட்டினேன். அவர் திண்ணையில் உளுந்து புடைத்துக்கொண்டே கேட்டார். மார்ட்டின் அந்த முதியவரிடம் பேசும் இடம் வந்ததும் முறம் நின்றது. "அவன் பையனுக்கு என்ன வயசு?" என்று கேட்டார். "வயசு போடலை அக்கா. அப்பாவுக்குக் கூடமாட ஒத்தாசை பண்ற வயசுன்னு இருக்கு" என்றேன். "அப்ப நம்ம பையன் வயசுதான்" என்றார். மறுபடி புடைக்க ஆரம்பித்தார், "நீ வாசி" என்றார். முடிந்ததும் கதையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் ஆள் அனுப்பி, அந்தச் செருப்புக்காரர் கதையைத் திரும்ப வாசிக்க முடியுமா என்று கேட்டார். இழப்பைப் பொய்யாக்காமல், அதோடு வாழ்கிற ஒரு ஆளைக் காட்டுகிற கதைதான் இப்படி இரண்டாம் முறை கேட்கப்படும். டால்ஸ்டாய் கதைகளின் தமிழ்த் தொகுப்புகள் பல வந்திருக்கின்றன. வாங்கும்போது பொருளடக்கத்தில் இந்தக் கதை இருக்கிறதா என்று பாருங்கள். சத்தமாக வாசிக்க ஒரு மணி நேரத்துக்குள்தான் ஆகும்.

ஆங்கிலம் வாசிக்கும் படித்தவர், குறிப்பாக மனைவியை இழந்தவர் என்றால் லூயிஸ் 1961இல் எழுதிய 'எ கிரீஃப் அப்சர்வ்ட்'. அவர் மனைவி முந்தைய வருஷம் புற்றுநோயில் இறந்தார். தன் பெயரைப் போடக்கூட மனமில்லாமல் புனைபெயரில் வெளியிட்டார். கடவுளின் வாசல் முகத்தில் அறைந்து சாத்தப்பட்டது போல இருக்கிறது என்று அவர் ஒளிக்காமல் எழுதியிருப்பது சில பக்திமான்களுக்கு அதிர்ச்சியாக இருக்கும். துக்கத்தில் இருப்பவருக்கு இருக்காது.

படுக்கையில் இருப்பவருக்கு ஒரு புத்தகம் சொல்கிறேன். திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931இல் கீழே விழுந்து, அதன் பிறகு 1951இல் சாகிற வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே கிடந்தார். அந்த அறையிலிருந்து எழுதியது 'ரோஸ் ஃப்ரம் பிரையர்', 1933. நோயாளிகளுக்கென்று வரும் புத்தகங்களை நல்ல ஆரோக்கியம் உள்ளவர்கள் எழுதுகிறார்கள், அவை நோயாளிக்குச் சேர்வதில்லை என்பதால்தான் அவர் இதை எழுதினார். நோயாளி நோயாளிக்கு எழுதியது. ஆங்கிலம் வராதவருக்கு ஒரு சில பத்திகளை நான் வாய்மொழியாகத் தமிழில் சொல்லிக் காட்டுவேன்.

ஜெபித்தேன், கட்டி மறைந்தது என்கிற சாட்சிப் புத்தகங்களைப் புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவரிடம் கொண்டுபோகாதீர்கள். குணமானவர் நன்றி சொல்லட்டும், அதில் எனக்கும் சந்தோஷம். ஆனால் தஞ்சாவூருக்கு ஊசி போட்டுக்கொள்ளப் போய் வந்துகொண்டிருக்கும் ஒரு பெண், 'எனக்கு விசுவாசம் பத்தலை போல' என்று அழுததைக் கேட்டவள் நான். அந்தப் புத்தகங்களை அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன், நானாக யாருக்கும் எடுத்துத் தருவதில்லை.

நெருக்கடியில் இருந்தாலும் உடம்பில் தெம்பு உள்ளவர்களுக்கு, கடனில் தவிக்கிறவர்கள், வீட்டு வன்முறையிலிருந்து வெளியே வந்தவர்கள், இவர்களுக்கு கோரி டென் பூம் அம்மையாரின் 'தி ஹைடிங் பிளேஸ்' பலம் தரும். 1971இல் வந்தது. ஹாலந்தில் கடிகாரம் பழுது பார்க்கும் குடும்பம். யூதர்களைத் தன் படுக்கையறையின் பொய்ச்சுவருக்குப் பின்னால் ஒளித்து வைத்ததற்காக அவரும் அக்காவும் நாஜி முகாமுக்குப் போனார்கள். முகாமில் படுக்கையெல்லாம் தெள்ளுப்பூச்சி. அதற்காகவும் நன்றி சொல்லலாம் என்கிறார் அக்கா பெட்ஸி. தங்கைக்கு எரிச்சல். அந்தப் பூச்சிக்குப் பயந்துதான் காவலர்கள் உள்ளே வருவதில்லை, அதனால்தான் இரவில் வேதம் வாசிக்க முடிந்தது என்று பிறகு தெரிகிறது. பெட்ஸி முகாமிலேயே இறந்துவிடுகிறார். எல்லாம் நல்லபடி முடிந்தது என்று பொய் சொல்லாத புத்தகம், அதனாலேயே நம்பலாம்.

கோபத்தோடும் சந்தேகத்தோடும் வருகிறவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்ட இளைஞர் அலமாரிப் பக்கம் வந்தால் நான் ரொம்பச் சந்தோஷப்படுவேன். அவரிடம் பக்திப் புத்தகத்தை நீட்டினால் மறுபடி வர மாட்டார். கோயிலுக்குள்ளேயே சாதி பார்க்கிறார்கள், கல்லறையில்கூடப் பிரிவு என்று அவர் சொன்னால், அது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டுதான் பேச்சை ஆரம்பிக்க வேண்டும். பாமாவின் 'கருக்கு' கொடுங்கள். 1992இல் வந்தது. கன்னியர் மடத்தில் சேர்ந்து, அங்கே ஏழைகள் நடத்தப்படும் விதம் பொறுக்காமல் வெளியேறிய ஒரு தலித் பெண்ணின் தன்கதை. பேச்சுத் தமிழிலேயே எழுதியிருப்பார். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994. துணி வெளுக்கும் ஆரோக்கியம் என்ற கத்தோலிக்கப் பெண்ணின் கதை. பங்குப் பேரவையில் இருப்பவர்களும் கன்னியர்களும் இந்த இரண்டையும் கட்டாயம் வாசிக்க வேண்டும் என்று எங்கள் பங்குச் சாமியாரிடமே சொல்லியிருக்கிறேன்.

நாகப்பட்டினம், வேளாங்கண்ணிக் கடற்கரைப் பையன்களுக்கு ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு'. தெற்கத்திக் கடற்கரைக் கதைதான், இருந்தாலும் கட்டுமரமும் காற்றும் மாதா கோயிலும் இவர்களுக்கு அந்நியமில்லை. தடிப் புத்தகம். கடல் தெரிந்தவன் விட மாட்டான்.

கடவுள் ஏன் பேசாமல் இருக்கிறார் என்று கேட்கும் தீவிர வாசகருக்கு ஜப்பானிய எழுத்தாளர் எண்டோ 1966இல் எழுதிய 'சைலன்ஸ்'. பதினேழாம் நூற்றாண்டு ஜப்பானுக்கு ரகசியமாகப் போகும் போர்ச்சுகீசிய இயேசு சபைக் குருவிடம், இயேசுவின் உருவத்தை மிதி, இல்லாவிட்டால் இந்த விவசாயிகளைச் சித்திரவதை செய்வோம் என்கிறார்கள். இதைக் கொடுத்தால் பேசுவதற்கு உங்களுக்கு நேரம் இருக்க வேண்டும். ஊருக்குப் போகிற நாளில் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள்.

வேற்று மதத்து நண்பர்களுக்கு

எங்கள் அலமாரிக்கு இந்து, முஸ்லிம் அண்டைவீட்டார் தாராளமாக வருவார்கள். அவர்களுக்குப் புத்தகம் கொடுப்பதில் ஒரு நேர்மை வேண்டும். கதை என்று சொல்லிக் கொடுத்தால் கதையாகத்தான் இருக்க வேண்டும், உள்ளே துண்டுப் பிரசுரம் சொருகி வைக்கக் கூடாது. நம்பிக்கை போனால் அப்புறம் அவர் வரவே மாட்டார், வரக் கூடாதுதான்.

நான் முதலில் கொடுப்பது விக்தர் ஹ்யூகோவின் 1862ஆம் வருஷத்து நாவல், சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' என்று தமிழில் கொடுத்தது. ரொட்டி திருடி ஜெயிலுக்குப் போய் மீண்ட ழான் வல்ழானுக்கு ஒரு ஆயர் சோறு போட்டுப் படுக்க இடம் கொடுக்கிறார். அவன் அவருடைய வெள்ளிப் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். போலீஸ் பிடித்து வந்து நிறுத்தினால், இதெல்லாம் நான் கொடுத்ததுதான், மெழுகுவத்தித் தண்டுகளையும் கொடுத்தேனே, அதை ஏன் விட்டுவிட்டுப் போனாய் என்று அதையும் எடுத்துக் கையில் தருகிறார். கிறிஸ்தவம் என்றால் என்ன என்று கேட்கும் நண்பருக்கு இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது. கவிதை பிடித்தவருக்குக் கண்ணதாசனின் 'இயேசு காவியம்'. திரைப்பாட்டு வழியே அவர் குரலைப் பழகியவர்களுக்கு ஒரு தடையும் இருக்காது.

பழந்தமிழில் நாட்டம் உள்ள பெரியவர் என்றால் சமயம் பார்க்காமல் 'தேம்பாவணி'யை எடுங்கள். வீரமாமுனிவர் 1726இல் முடித்த காப்பியம், இயேசுவின் வளர்ப்புத் தந்தையான வளனார் என்ற சூசையப்பர்தான் நாயகர், 36 படலம், 3615 பாட்டு. முழுவதும் வாசிக்கச் சொல்லாதீர்கள். நாட்டுப் படலத்தை மட்டும் உரையோடு கொடுங்கள். யூதேயா என்று பெயர், வர்ணனையோ மழை, வெள்ளம், வயல் என்று நம்ம மருத நிலத்தைப் போலவே இருக்கும். கொள்ளிடத்துக்கு வடகரையில் ஏலாக்குறிச்சியில் அவர் வாழ்ந்தவர் அல்லவா. நாற்பது வருஷம் நடவு பார்த்த ஒரு பெரியவர் அந்தப் படலத்தைக் கேட்டுவிட்டு, "இந்தச் சாமியார் சேத்துல கால் வச்சவருதான்" என்றார். பாட்டு பாடத் தெரிந்தவர்களுக்குத் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் 'பெத்லகேம் குறவஞ்சி'. புத்தகமாக வாசிக்க வேண்டாம், பாடச் சொல்லுங்கள். கம்பனில் தோய்ந்தவருக்கு எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்'. பன்யன் எழுதிய மோட்சப் பயணக் கதை அங்கே காப்பியமாக நடக்கும்.

குழுவாக வாசிக்க நினைக்கும் இளையோர் இயக்கத்தினருக்கு ஷெல்டன் 1896இல் எழுதிய 'இன் ஹிஸ் ஸ்டெப்ஸ்'. ஒரு வருஷம் எதைச் செய்யும் முன்பும் 'இயேசு என்ன செய்வார்' என்று கேட்டுக்கொள்வதாக ஒரு சபையார் சபதம் எடுக்கிறார்கள். இலக்கியமாகச் சுமார்தான், ஆனால் விவாதத்துக்கு அருமை. வாரம் ஒரு அத்தியாயம் வையுங்கள்.

புத்தகம் கிடைக்கும் இடங்கள்

வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை கடைகளில் புனிதர் வரலாறுகள் குவிந்து கிடக்கும். விலை குறைவு, ஆனால் கூட்டத்தில் புரட்டிப் பார்க்க முடியாது. திருவிழா முடிந்து ஒரு வாரம் கழித்துப் போங்கள், நின்று நிதானமாகப் பார்க்கலாம். சீர்திருத்த சபைப் புத்தகங்களுக்கு 1858இல் தொடங்கிய சென்னை கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் பழைய இடம். இமையம், பாமா, ஹெப்சிபா, ஜோ டி குரூஸ் எல்லாம் மதக் கடைகளில் பெரும்பாலும் கிடைக்காது. தஞ்சாவூர், திருச்சிப் புத்தகத் திருவிழாக்களில் இலக்கியப் பதிப்பகங்களின் கடைகளில் கேளுங்கள்.

'பிரதாப முதலியார் சரித்திரம்', 'தேம்பாவணி' இரண்டும் மதுரைத் திட்டத்தின் இணையத் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய பதிப்புகளின் பக்கங்களையே பார்க்கலாம். பெரியவர்களுக்காக நான் நாட்டுப் படலத்தை இறக்கி, எழுத்தளவை 18 ஆக்கி, திருக்காட்டுப்பள்ளிக் கணினிக் கடையில் அச்செடுத்து, நடுவில் தைத்து வைத்திருக்கிறேன். இரவல் போய்விட்டால் திரும்பி வர நேரமாகும் என்பதால் இரண்டு பிரதியாக எடுப்பது நல்லது.